வேலை இல்லாதவள் என்று எழுதப்பட்ட பூவம்மாள்

பூவம்மாள் எனக்கு அத்தை. என் தாய்மாமன் மாரியப்பனுடைய மனைவி. ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் குப்பத்தில் அவளைவிட அதிகமாக உழைத்த மனுஷியை நான் பார்த்ததில்லை. அவளைத்தான் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தார் "தொழில் இல்லை, பிறரைச் சார்ந்திருப்பவர்" என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்த நிலையத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதுவும் அவர்களுக்கு ஒரு விளம்பரம். இதை நிதானமாக எழுதச் சொல்லி நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு வயிறு எரிகிறது, நிதானமாக வராது.

எங்கள் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏரி பெரிதுதான், ஆனால் இறால் ஓடும் இடங்கள் கொஞ்சம். கடல் தண்ணீர் உள்ளே ஏறி வந்து திரும்பும் ஓட்டங்களில் கழி நட்டு வலை கட்டினால் இறால் தானாக வந்து விழும். எல்லாரும் ஒரே நாளில் அங்கே போய் விழுந்தால் வெட்டுக்குத்துதான் நடக்கும். அதனால் குடும்பங்களை மூன்று அணியாகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஓர் அணி என்று முறை வைத்திருந்தார்கள். யாருக்கு எந்த அணி, எந்த இடம் என்று வருஷத்துக்கு ஒரு தடவை அம்மன் கோயில் முன்னால் சீட்டு எடுப்பார்கள். இந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடு. போலீஸ், கோர்ட்டு, அதிகாரி யாரும் இல்லாமல் இது நடந்தது. எத்தனை தலைமுறையாக என்று எனக்குத் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. தன் பாடு இல்லாத நாளில் ஒருவன் தனக்குத் தொழில் இருக்கிறது என்று வாயால்கூடச் சொல்லக்கூடாது. சொன்னால் அடுத்தவன் நாளைத் தனது என்று சொன்னதாக ஆகிவிடும். அரசப்பன் என்று ஒருவர், ஆரம்பாக்கத்தில் ஓர் இறால் வியாபாரியிடம் "நாளைக்கு எனக்குத் தொழில் கீது, வா" என்று சொல்லிவிட்டார். மறுநாள் அவர் பாடு இல்லை. அவரை வலையைத் தலையில் சுமக்கவைத்துக் கோயில் முன்னால் நிறுத்தி அபராதமும் போட்டார்கள். அதனால் மற்ற நாட்களில் ஆண்கள் வலை பின்னுவார்கள், கழி சீவுவார்கள், படகுக்கு ஒட்டுப் போடுவார்கள், கரையோரம் முழங்கால் தண்ணீரில் நண்டு பிடிப்பார்கள். இடுப்பு ஒடிய உழைப்பார்கள். ஆனால் யாராவது கேட்டால் "சும்மாதான் கீறேன்" என்பார்கள். எங்கள் ஊரில் அது மரியாதையான பதில்.

அறுபத்தெட்டில் மாரியப்பன் மாமா காமாலையில் போய்ச் சேர்ந்தார். அத்தைக்கு அப்போது முப்பது வயது இருந்தால் அதிகம். ரத்னா என்று ஒரே மகள். ஆண்பிள்ளை இல்லாத வீடு என்பதால் பாடு போய்விடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் முறையில் செத்தவனுடைய பாடு அவன் மனைவிக்கு. அவள் இருக்கும்வரை அது அவளுடையது. ஒரே நிபந்தனை, அவள் வலை அவளுடையதாக இருக்க வேண்டும், அவள் நாளில் அது கிழிசல் இல்லாமல் கரைக்கு வர வேண்டும். வலை கட்ட ஒரு ஆண்பிள்ளை வேண்டும். அதற்கு மாமாவின் தம்பி நாகமுத்து கோயில் முன்னால் நின்று ஒப்புக்கொண்டார். விழுவதில் பாதி அவருக்கு, பாதி அண்ணிக்கு.

அந்தப் பாதி யாரும் போட்ட பிச்சை இல்லை. பருத்தி வலையை அவளே பின்னினாள், அவளே சாயம் காய்ச்சி ஊற வைத்தாள், அவளே காயப்போட்டாள். விழுந்த இறாலைக் கூடையில் ஏற்றிக்கொண்டு ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்கு நடந்து, ரயிலில் கும்மிடிப்பூண்டி போய் விற்றாள். நான் அவளோடு சில நாள் போயிருக்கிறேன். ரயிலில் பெட்டியின் வாசலோரம்தான் உட்காரவிடுவார்கள், நாற்றமாம். அவள் யாரையும் லட்சியம் செய்யமாட்டாள். கையில் பாடு இருந்ததால்தான் அவள் எவன் வாசலிலும் போய் நிற்கவில்லை, ரத்னாவை ஐந்தாவது வரை படிக்கவும் வைத்தாள். அவளிடம் இருந்த சொத்து அது ஒன்றுதான்.

எழுபத்துமூன்றில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. கம்பெனிகளுக்கு ஆள் வேண்டும். சுற்று வட்டாரத்தில் எவ்வளவு பேர் வேலை இல்லாமல் இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்ய அந்த நிலையம் கிளம்பி வந்தது. ஜீப்பில் ஏழெட்டு வாலிபர்கள், கையில் அச்சடித்த தாள்கள். எங்கள் குப்பம் முழுவதையும் ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டார்கள். இன்னும் இரண்டு நாள் எங்கள் கரையில் உட்கார்ந்திருந்தால் கண்ணாலேயே பார்த்திருக்கலாம். உட்காரவில்லை. அடுத்த ஊர் காத்திருந்ததாம்.

அன்றைக்கு யாருக்குப் பாடு இல்லையோ அவர்கள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். வந்த வாலிபர்கள் இன்றைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். ஊரார் காதுபடக் கேட்கிறார்கள், அதையும் எழுதிக்கொள்கிறார்கள். எந்தப் பைத்தியக்காரன் தொழில் இருக்கிறது என்று சொல்வான்? மடியில் பாதி பின்னிய வலையோடு உட்கார்ந்துகொண்டு "சும்மாதான் கீறேன் சார்" என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரனும் அதையேதான் சொன்னான். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் சும்மா இருக்கிறார்கள் என்று தாளில் ஏறியது. மடியில் இருந்த வலையைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

அன்றைக்கு அத்தையின் பாடு. அவள் வீட்டுக்கு வந்தவன் பெயர் வரதன், பட்டம் வாங்கிய கையோடு வேலைக்கு வந்த பிள்ளை. வெயிலில் அலைந்து முகம் வாடிப்போயிருந்தான். அத்தை அவனை உட்கார வைத்து, அப்போதுதான் கரைக்கு வந்த இறாலைக் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். அவன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டுத் தாளை எடுத்தான். என்ன வேலை செய்கிறீர்கள் அம்மா என்றான்.

"எனக்கு இன்னா வேலை தம்பி. ஏரியில இன்னிக்கி என் பாடு. எங்க கொழுந்தன் நாகமுத்து போய்க்கிறாரு."

அவன் காதில் விழுந்தது ஏரிக்குப் போனது யார் என்பது மட்டும்தான். நாகமுத்து, மீனவர், தொழில் உண்டு என்று எழுதினான். பூவம்மாள், தொழில் இல்லை, சார்ந்திருப்பவர். பாடு என்றால் என்ன என்று கேட்கவில்லை. தின்ற இறால் எங்கிருந்து வந்தது என்றாவது கேட்டிருக்கலாம். நாகமுத்து மாமாவின் சொந்தப் பாடு மறுநாள்தான். அதன்படி பார்த்தால் அன்றைக்கு அவரும் சும்மா இருப்பவர்தான். அண்ணியின் நாளில் அண்ணியின் வலையைக் கட்டியதால் அவர் மீனவர் ஆனார், வலைக்குச் சொந்தக்காரி அவர் தயவில் வாழ்பவள் ஆனாள்.

இரண்டு வருஷம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நாங்கள் மறந்துவிட்டோம். எழுபத்தைந்தில் எங்கள் குப்பத்துக்கென்று ஒரு மீனவர் சங்கம் அமைத்தார்கள். கும்மிடிப்பூண்டியில் ஐஸ் வியாபாரம் செய்த தணிகாசலம் அதற்குச் செயலாளர். உறுப்பினர்களுக்கு நைலான் வலை, கடன், இறால் ஓடும் இடங்களில் தினமும் வலை கட்டும் உரிமை. நல்ல காரியம்தானே என்று நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம். உறுப்பினர் யார் என்று வாசித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆராய்ச்சி நாளில் தொழில் இருக்கிறது என்று யார் யார் பெயர் தாளில் இருந்ததோ அவர்கள் மட்டும் மீனவர்கள். மற்ற எல்லாரும் வேலையில்லாதவர்கள், அவர்களுக்குத் தொழிற்பேட்டையில் ஏற்பாடு செய்யப்படும். ஜீப் ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் வேறு ஓர் அணி மீனவர்களாக ஆகியிருக்கும். பிறந்ததிலிருந்து ஏரியில் கிடந்தவன் மீனவனா இல்லையா என்பது ஜீப் வந்த கிழமையைப் பொறுத்தது. இதற்குப் பெயர் ஆராய்ச்சி.

சங்கத் தொடக்க விழா கும்மிடிப்பூண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. நான் அப்போது அங்கே ஓர் இரும்பு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். ஏற்பாடு செய்யப்பட்ட அதிர்ஷ்டசாலிகளில் நானும் ஒருவன். பெரும்பாலோர் கேட் வாசலில் தினக்கூலிக்குக் காத்து நின்றார்கள். இறால் விற்ற கூடையோடு வந்த அத்தையை நான்தான் விழாவுக்கு அழைத்துப் போனேன். ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் ஆதிநாராயணன் மேடையில் பேசினார். இதற்கு மறைமுக வேலையின்மை என்று பெயராம். ஒருவர் செய்யக்கூடிய வேலையை மூவர் பங்கு போட்டுக்கொள்கிறார்களாம். இருவரை எடுத்துவிட்டாலும் கிடைக்கும் மீன் குறையாதாம். அந்த இருவரும் நாட்டின் தொழில் வளர்ச்சிக்குப் பயன்படுவார்களாம். கைதட்டினார்கள். அவர் சொன்னதில் பொய் இல்லை. மீன் குறையாது. சாப்பிடுகிற தட்டு குறையும். அதைச் சொல்ல மேடையில் ஆள் இல்லை.

கூட்டம் முடிந்ததும் அத்தை நேராக அவரிடம் போனாள். நான் பின்னால் ஓடினேன்.

"சார், உங்க ஆளு எங்க ஊட்ல சோறு துன்னாரு. அது என் பாட்டுல உழுந்த எறா. இப்ப அந்தப் பாடு எனக்கு இல்லன்றாங்க. நீங்க எழுதினத நீங்களே மாத்திக் குடுங்க."

அவர் அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். முழுதும் கேட்டார். ஆராய்ச்சி என்பது மொத்த ஊரையும் பார்ப்பது, தனி ஒருவரின் கஷ்டம் சராசரியில் தெரியாது என்று பொறுமையாக விளக்கினார். தன் வேலை நிலைமையைச் சொல்வது மட்டும்தான், முடிவெடுத்தவர்கள் வேறு ஆட்கள், அவர்களுக்கு ஒரு மனு எழுதிப் போடலாம் என்றார். பிறகு, ஆட்சேபணை இல்லையென்றால் கூடையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நல்ல மனுஷன், அவள்மேல் இரக்கமும் இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருப்பேன். அத்தை கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

மனு எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. இதற்கிடையில் நாகமுத்து மாமா அத்தையின் இடத்தில் சங்கத்து நைலான் வலையைக் கட்ட ஆரம்பித்தார். முதலில் பாதி பங்கு கொடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் குழம்புக்கு ஆகிற அளவு ஒரு கை இறாலை ரத்னாவிடம் கொடுத்தனுப்பினார். அப்புறம் அதுவும் நின்றது. அத்தை அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். அவர் தலை நிமிரவில்லை.

"நான் இன்னா பண்ணட்டும் அண்ணி? வலை சங்கத்து வலை. பேரு என் பேருல கீது. பங்கு குடுத்தா தணிகாசலம் பேஜார் பண்றான். எனக்கும் பசங்க கீறாங்க."

அவர் சொன்னதும் பொய் இல்லை. இந்தக் கதையில் எவனும் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அவர் என் மாமா, என்னைத் தோளில் சுமந்து ஏரியைக் காட்டியவர். இருந்தும் அன்றைக்கு அவரை அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஆராய்ச்சிக்காரனுக்குப் பாடு தெரியாது. இவருக்குத் தெரியும்.

ஊரே அப்படித்தான் இருந்தது. உறுப்பினர் ஆனவர்கள் கரையில் நடக்கும் நடையே மாறிவிட்டது. மற்றவர்கள் கம்பெனி வாசலில் நின்று வெந்தார்கள். அண்ணன் தம்பிகள் பேசிக்கொள்வதில்லை. வருஷா வருஷம் சீட்டு எடுத்துப் பாடு போட்டு வந்த ஊர்ப் பெரியவர் துலுக்காணம் அந்த வருஷம் சீட்டு எடுக்கவில்லை. அவர் உறுப்பினர் இல்லை, ஆனால் அவருடைய மருமகன் உறுப்பினர். மகள் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே, வாயை மூடிக்கொண்டார்.

அத்தை மட்டும் பழைய முறையை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தாள். எது தன் நாள் என்று அவளுக்குத் தெரியும். அந்த நாளின் முந்தின சாயங்காலம் தன் பருத்தி வலையைக் கிழிசல் பார்த்துக் கரையில் கொண்டுபோய் வைப்பாள். கட்ட ஆள் வராது. காலையில் திரும்ப எடுத்துக்கொண்டு வருவாள். சிலர் சிரித்தார்கள். இப்படிச் சில மாதம் போயிற்று.

எழுபத்தாறு கோடையில், தன் பாட்டு நாள் ஒன்றில், விடிந்ததும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினாள். ஓட்டம் இருக்கும் இடத்தில் இடுப்புத் தண்ணீர்தான். எங்கள் பெண்கள் கரையோரம் நண்டு தடவுவார்கள், வலை கட்டும் இடத்துக்குப் போகவே மாட்டார்கள். அவள் போனாள். நாகமுத்து மாமா கட்டியிருந்த வலையின் கழிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். வலையில் ஒரு கண்ணைக்கூட அறுக்கவில்லை. அதைச் சுருட்டிக் கரைக்கு இழுத்து வந்து, தண்ணீரை உதறி, மடித்து, நாகமுத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். உள்ளே கிடந்த இறாலையும் தொடவில்லை.

அன்று சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியது. தணிகாசலம் போலீசுக்குப் போகலாம் என்றான். உறுப்பினர்கள் வேண்டாம் என்றார்கள். ஊர் விஷயம், ஊர் முறைப்படி தண்டிக்கலாம், அடுத்தவன் கட்டிய இடத்தில் கை வைத்ததற்கு அபராதம் போடலாம் என்றார்கள். வேண்டும்போது ஊர் முறை ஞாபகம் வந்துவிடுகிறது பாருங்கள். ஷிப்டு முடித்து வந்த நான் சட்டையைக்கூட மாற்றாமல் கூட்டத்தில் நின்றேன். அத்தை நடுவில் நின்றாள். அவளுக்குப் பதில் பேச நான் வாயைத் திறந்தபோது ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிவிட்டேன். துலுக்காணம் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, உன் மேல் குற்றம் வந்திருக்கிறது, என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

"அபராதம் போடுங்க மாமா, கட்டுறேன். ஆனா இன்னிக்கி அந்த எடத்துல யார் பாடுன்னு அம்மன் முன்னால சொல்லிட்டுப் போடுங்க."

நாகமுத்து மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில், அந்த நாளில், யார் பாடு என்று அங்கே நின்ற ஒவ்வொருவனுக்கும் தெரியும். துலுக்காணம் மருமகனைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார். அம்மன் முன்னால் நின்று அவரால் வேறு எதையும் சொல்ல முடியவில்லை.

"உன் பாடுதாம்மா. ஆனா அந்தப் பாடெல்லாம் இப்ப எங்க கீது?"

"பாடு இல்லன்னா அபராதமும் இல்ல மாமா" என்றாள் அத்தை. "அடுத்த தபா என் பாடு வர்ற அன்னிக்கும் புடுங்குவேன்."

கூட்டம் அத்தோடு கலைந்தது. யாரும் கலையச் சொல்லவில்லை, அவரவர் எழுந்து போனார்கள். தணிகாசலம் மட்டும் கோயில் வாசலில் நின்று போலீஸ், கேஸ் என்று கத்திக்கொண்டிருந்தான்.

அடுத்து அவள் பாடு வந்த அன்றைக்கு நான் கம்பெனிக்குப் போகவில்லை. அவள் விடிந்ததும் இறங்கினாள். நாகமுத்து மாமா முந்தின இரவே திரும்பக் கட்டியிருந்தார். கரையில் இருந்து ஓடி வந்து, தண்ணீரில் அவளுக்கு எதிரே போய் நின்றார். கரையில் இருந்து உறுப்பினர்கள் தடுடா, புடிடா என்று கூச்சல் போட்டார்கள். அண்ணன் பெண்டாட்டியைத் தொட்டுத் தடுக்க அவருக்குக் கை எழவில்லை. நின்றார், அவ்வளவுதான். அவள் முதல் கழியைப் பிடுங்கினாள். அதை எங்கே போடுவது என்று சுற்றிலும் பார்த்துவிட்டு அவரிடமே நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். அடுத்ததையும் பிடுங்கிக் கொடுத்தாள். கரையில் கூச்சல் ஓய்ந்துவிட்டது. கடைசிக் கழி வரைக்கும் ஒவ்வொன்றாக வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார் நாகமுத்து மாமா. பிறகு, கரையில் அவள் வைத்திருந்த பருத்தி வலையை எடுத்து வரத் திரும்பி நடந்தார்.